அனுபவத்தைக் கேட்கப் போய்க் கருத்தை வாங்கி வராதீர்கள்

"இணையவழி வகுப்புகள் உங்களுக்கு எப்படி இருந்தன?"

"நல்லாத்தான் இருந்துச்சு. சில சிரமங்களும் இருந்துச்சு."

மாணவர், ஆசிரியர் அனுபவங்களைப் பற்றிய ஆய்வேடுகளில் இப்படிப்பட்ட உரையாடல் பக்கம் பக்கமாக வரும். ஆய்வாளர் நாற்பது நிமிடம் பேசியிருப்பார், ஒப்புதல் படிவமெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கையில் கிடைத்தது அனுபவம் அல்ல, கருத்து. எண்களை அல்லாமல் மனிதர்கள் பேசுவதையே தரவாகக் கொள்ளும் பண்புசார் ஆய்வில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "வகுப்பில் தயக்கம் உண்டா?" என்று கேட்பதற்குப் பதில், "கேள்வி கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட ஒரு வகுப்பைச் சொல்லுங்கள். அன்று என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கே உட்கார்ந்திருந்தார், யார் திரும்பிப் பார்த்தது, பாதி தூக்கிய கையை எப்படிக் கீழே இறக்கினார் என்று ஒவ்வொன்றாக வரும். ஆசிரியரிடமும் "பணிச்சுமை அதிகமா?" என்று கேட்காதீர்கள். வீட்டுக்குப் போன பிறகும் வகுப்பறை மனதை விட்டுப் போகாத ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, நல்ல கேள்வி கேட்டாயிற்று. அப்புறம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். என் முதல் நேர்காணல்களின் ஒலிப்பதிவைப் பிறகு கேட்டபோது வெட்கமாக இருந்தது. ஒரு மாணவி யோசிக்க நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் நான் அடுத்த கேள்வியோடு பாய்ந்திருந்தேன். அவர் சொல்ல வந்தது என்ன என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்று, யார் கேட்கிறார்கள் என்பது. மதிப்பெண் போடும் ஆசிரியரே தன் மாணவர்களிடம் "என் வகுப்பு எப்படி?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? மதிப்பெண் வெளியான பிறகு பேசலாம், அல்லது வேறொருவரைப் பேச வைக்கலாம். ஆசிரியர்களை ஆய்வு செய்யும்போது தலைமையாசிரியரே "இவர்களிடம் பேசுங்கள்" என்று ஆள் பொறுக்கித் தந்தாலும் இதே சிக்கல்தான்.

மெய்யியலாளர் எட்மண்ட் ஹுசர்ல் தொடங்கிவைத்த தோற்றப்பாட்டியல் என்ற சிந்தனைமுறை, நம் முன்முடிவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு அனுபவத்தைப் பார்க்கச் சொல்கிறது. அவர் வழியில் வந்த ஹைடெக்கரோ, நாம் ஏற்கெனவே கொண்டிருக்கும் புரிதல் இல்லாமல் எதையும் புரிந்துகொள்ளவே முடியாது என்றார். ஆய்வாளர்கள் பலர் இந்த வாதம் எதையும் தொடாமல், "எனது முன்முடிவுகளை ஒதுக்கிவிட்டேன்" என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிடுகிறார்கள். முதல் நேர்காணலுக்கு முன்பே, என்ன பதில் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். முடிவுகளும் அதுவும் அப்படியே ஒத்துப்போனால், நேர்காணல்களைக் கேட்டு எழுதிய எழுத்துப்படிகளை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும்.

எத்தனை பேர் போதும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 12 என்ற எண் வாய்ப்பாடு போல ஒப்பிக்கப்படுகிறது. அது பெரும்பாலும் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகியோரின் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வந்தது. 60 நேர்காணல்களை அலசி, முதல் 12-க்குள்ளேயே புதிய செய்திகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன என்றார்கள். ஆனால் அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான குழுவோடு, கேட்டதும் ஒரே மாதிரியான கேள்விகள். புதிதாகச் சேர்ந்த மாணவரையும் ஓய்வுபெறப் போகும் பேராசிரியரையும் ஒரே ஆய்வில் வைத்துவிட்டு அந்த எண்ணைக் காட்டுவதில் பொருளில்லை. பத்தே பேரிடம் பேசிவிட்டு "60 விழுக்காட்டினர் கூறினர்" என்று எழுதுவதையும் விட்டுவிடலாம்.

பகுப்பாய்வில் நடப்பது இன்னும் சுவாரசியம். "சவால்கள்", "நன்மைகள்", "பரிந்துரைகள்" என்று மூன்று கருப்பொருள்கள், அதாவது பேச்சுகளிலிருந்து ஆய்வாளர் எடுத்துக்காட்டும் மையக் கருத்துகள், இருக்கும். இவை நீங்கள் கேட்ட கேள்விகளின் தலைப்புகள். உளவியலாளர்கள் பிரானும் கிளார்க்கும் 2006-இல் கருப்பொருள் பகுப்பாய்வின் ஆறு கட்டங்களை விளக்கியபோதே, கருப்பொருள்கள் தரவிலிருந்து தாமாக "வெளிப்பட்டன" என்று எழுதுவதைக் குறை சொன்னார்கள். அவற்றை உருவாக்குவது ஆய்வாளர்தான். கேமராவை அணைத்து வைத்ததைப் பல மாணவர்கள் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். "கேமரா பயன்பாடு" என்பது வெறும் பெட்டி. "யாரும் பார்க்காததே பாதுகாப்பு" என்பது கருப்பொருள், ஏனென்றால் அது ஒன்றைச் சொல்கிறது. அது தவறாகவும் இருக்கலாம், அதனால்தான் எழுத்துப்படியோடு உரசிப் பார்க்க முடிகிறது. என்விவோ போன்ற பகுப்பாய்வு மென்பொருள், பேச்சின் பகுதிகளுக்கு நீங்கள் சூட்டும் சுருக்கப் பெயர்களான குறியீடுகளை அடுக்கித் தரும். இந்த யோசனையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. பேச்சைக் கேட்டு எழுதும்போதே செந்தமிழாக்கிவிடுவது. "மனசு விட்டுப்போச்சு" என்று ஓர் ஆசிரியை சொன்னதை "ஊக்கம் குறைந்தது" என்று எழுதினால், பாதி ஆய்வு அங்கேயே காணாமல் போகிறது. ஊக்கம் குறைந்தால் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம், மனசு விட்டுப்போவது வேறு. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் முதலில் மொழிபெயர்த்துவிட்டு அந்த மொழிபெயர்ப்புக்குக் குறியீடு போடுகிறார்கள், இதைவிடவும் மோசம். மூலப் பேச்சிலேயே பகுப்பாய்வை முடியுங்கள். மேற்கோளாகப் போகும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

சிலரிடம் பேசிக் கண்டதை எல்லோருக்கும் பொதுமைப்படுத்த முடியாது என்று இறுதி இயலில் மன்னிப்புக் கேட்கும் வழக்கமும் வேண்டாம். பின்னணியை விரிவாக எழுதுவது உங்கள் வேலை, தன் இடத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்பது வாசகரின் வேலை. ஆய்வு முறையியல் அறிஞர்கள் லிங்கனும் கூபாவும் 1985-லேயே இப்படித்தான் வகுத்தார்கள்.

ஆனால் விரிவாக எழுதுவதிலும் ஆபத்து உண்டு. பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்கிறோம். "இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒரே இயற்பியல் ஆசிரியை" என்று எழுதினால் உடன் வேலை பார்ப்பவர்களுக்கு யாரென்று உடனே தெரிந்துவிடும். அவர் மேலதிகாரியைப் பற்றிச் சொன்ன வரியும் அதே பக்கத்தில் இருக்கும். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பத்தியை அவரிடமே காட்டி, "இதைப் படித்தால் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்களா?" என்று கேளுங்கள். தயங்கினார் என்றால் எடுத்துவிடுங்கள், ஆய்விலேயே சிறந்த மேற்கோள் அதுவாக இருந்தாலும்.