குரோம் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

"குரோம் பயன்படுத்துகிறீர்களா? மத்திய அரசின் அவசர எச்சரிக்கை!" இப்படி ஒரு தலைப்பு அவ்வப்போது செய்திகளில் வரும். வந்த அன்று எனக்குப் போன் மேல் போன். கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்துக் கடைகளில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணே, குரோமைத் தூக்கிடவா?" என்று கேட்பவர்களும் உண்டு. தூக்க வேண்டாம். தூக்கிவிட்டு வேறு எதைப் போட்டாலும் அதற்கும் இதே மாதிரி எச்சரிக்கை வரும்.

அந்த எச்சரிக்கையை வெளியிடுவது செர்ட்-இன். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கணினிப் பாதுகாப்பு அமைப்பு. அவர்களுடைய அறிக்கையில் "இந்த எண்ணுக்கு முந்தைய பதிப்புகள்" என்று ஒரு வரி இருக்கும். செய்தியாகி வாட்ஸ்அப்பில் சுற்றி வருவதற்குள் முதலில் காணாமல் போவது அந்த வரிதான். நமக்கு வேண்டியதோ அது மட்டும்தான். மற்றதெல்லாம் பயமுறுத்தல்.

சரி, உங்கள் எண் என்ன என்று பாருங்கள். குரோமின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் ஹெல்ப், அதில் அபௌட் கூகுள் குரோம். 116.0.5845.187 என்பதுபோல நான்கு துண்டாக ஒரு எண் தெரியும். பலரும் முதல் துண்டை மட்டும் பார்த்துவிட்டு, "116-தானே, எங்கிட்டயும் 116 இருக்கே" என்று போய்விடுகிறார்கள். முதல் துண்டு சில வாரத்துக்கு ஒருமுறை ஏறும். அது புது வசதிகளுக்கான கணக்கு. இடையில் வரும் பாதுகாப்புத் திருத்தத்தில் பெரும்பாலும் கடைசித் துண்டு மட்டும்தான் மாறும். ஆகவே நான்காவது எண் வரை ஒப்பிட வேண்டும்.

மேலே சொன்ன எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2023 செப்டம்பர் 6 அன்று ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக் குழுவும் கூகுளுக்கு ஒரு கோளாறைத் தெரிவித்தார்கள். வெப்பி (WebP) வகைப் படங்களைப் பிரித்துக் காட்டும் லிப்வெப்பி என்ற சிறு நிரல் தொகுப்பில் ஓட்டை. வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த ஒரு படத்தைக் கொடுத்தால், அது நினைவகத்தில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும். தாண்டி எழுத முடிந்தால், அங்கே தன் கட்டளையை நுழைக்கவும் ஒருவனால் முடியும். நீங்கள் எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், எதற்கும் சம்மதம் சொல்ல வேண்டாம், அந்தப் படம் இருக்கும் பக்கம் திறந்தாலே போதும். செப்டம்பர் 11 அன்று குரோமுக்குத் திருத்தம் வந்தது. அதன் கடைசித் துண்டுதான் 187. அதற்குக் கீழே இருந்த 116 எல்லாம் ஓட்டை 116.

இன்னொன்று, அந்தத் தொகுப்பு குரோமில் மட்டும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் அதையே வைத்திருந்தது, மறுநாளே 117.0.1 வெளியிட்டார்கள். எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை, அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தின. "நான் குரோம் பயன்படுத்துவதில்லை, எட்ஜ்தான்" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஏன் இவ்வளவு அவசரம்? குரோமியத்தின் நிரல் யாரும் படிக்கக்கூடிய திறந்த நிரல். திருத்தத்தை எழுதி அதில் சேர்த்ததும், விவரம் தெரிந்தவன் அதைப் படித்தே "ஓஹோ, கோளாறு இங்கேயா" என்று கண்டுபிடித்துவிடலாம். திருத்தம் எழுதிய நாளுக்கும் அது நம் கையில் கிடைக்கும் நாளுக்கும் இடையே ஒரு காலத்தில் சராசரியாக 35 நாள் இருந்தது. பிறகு 15 ஆனது. 2023 ஆகஸ்டில் வந்த 116-இலிருந்து வாரம் ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் என்று மாற்றிவிட்டார்கள். அவர்கள் பக்கம் முடிந்தவரை குறைத்தாயிற்று. மிச்சம் இருக்கும் தாமதம் நம்முடையது.

இறங்கியது வேறு, ஓடுவது வேறு

அப்டேட் தானாகவே இறங்கிவிடுகிறது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அதில் பிரச்சினையே இல்லை. இறங்கியது வேலைக்கு வருவது பிரவுசரை மூடித் திறந்த பிறகுதான். விண்டோஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், கூகுள், குரோம், அப்ளிகேஷன் என்று உள்ளே போனால், அப்டேட் இறங்கி மூடித் திறக்காத கம்ப்யூட்டரில் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் இரண்டு இருக்கும், பழையது ஒன்று, புதியது ஒன்று. பக்கத்தில் நியூ_குரோம் என்று ஒரு ஃபைல். புதியது வந்து காத்துக்கொண்டிருக்கிறது, ஓடுவதென்னவோ பழையது.

பக்கத்து ஜவுளிக்கடைக் கணக்கர் மூன்று புள்ளி இருக்கும் இடத்தில் சிவப்பு நிறம் வந்த பிறகும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், "வேலைதான் நடக்குதே தம்பி, எதுக்கு நோண்டணும்?" அந்த நிறத்துக்கு அர்த்தம் உண்டு. பச்சை என்றால் அப்டேட் வெளியாகி இரண்டு நாளுக்குள்; ஆரஞ்சு என்றால் நான்கு நாள்போல; சிவப்பு என்றால் குறைந்தது ஒரு வாரம் ஆகிவிட்டது. அவர் தினமும் கடை சாத்தும்போது லேப்டாப்பையும் சாத்திவிட்டுத்தான் போவார். மூடியைச் சாத்தினால் அது தூங்கும், அவ்வளவுதான். காலையில் திறந்தால் அதே பழைய குரோம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆகவே அபௌட் பக்கத்துக்குப் போங்கள். போனவுடன் அதுவே புதியது இருக்கிறதா என்று தேடும். இன்னொரு லாபமும் இருக்கிறது: கூகுள் அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நாளில் தள்ளுவதில்லை, சில நாள், சில வாரம் என்று படிப்படியாகத்தான் விடும். நாமாகப் போய்த் தேடினால் வரிசையில் நிற்காமல் உடனே கிடைக்கும். இறங்கியதும் ரீலாஞ்ச் என்ற பட்டன் வரும். அழுத்துமுன் இரண்டு விஷயம். திறந்திருந்த டேப் எல்லாம் திரும்பி வரும், ஆனால் இன்காக்னிட்டோ ஜன்னல் திரும்பாது. பாதி நிரப்பிய விண்ணப்பமும் போய்விடும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் போட்டோ ஏற்றிக்கொண்டிருப்பவர் பக்கத்தில் நின்று இந்தப் பட்டனைத் தொட வேண்டாம், அடி விழும்.

மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் குரோம் சில கம்ப்யூட்டர்களில் பின்னணியில் உயிரோடு இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் தேர்வை அணைத்துவிடுங்கள். அதற்கப்புறம் மூடினால் மூடியதுதான்.

ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடு, ஹெல்ப், அபௌட் ஃபயர்ஃபாக்ஸ். எட்ஜில் மூன்று புள்ளி, ஹெல்ப் அண்ட் ஃபீட்பேக், அபௌட் மைக்ரோசாஃப்ட் எட்ஜ். முறை ஒன்றுதான். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் மட்டும் எட்ஜின் அதே பக்கத்தில், மீட்டர்டு (டேட்டா அளவு பார்த்துச் செலவழிக்கும்) இணைப்பிலும் இறக்கலாம் என்ற சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அணைந்திருந்தால் டேட்டா மிச்சம், அப்டேட் பூஜ்யம்.

டீப் ஃப்ரீஸ் போட்ட கம்ப்யூட்டர்கள்

இது என்னைப்போல சென்டர் வைத்திருப்பவர்களுக்கும், ஸ்கூல் லேப் பார்த்துக்கொள்பவர்களுக்கும். கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை ரீஸ்டார்ட் செய்யும்போதும் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும் மென்பொருள் டீப் ஃப்ரீஸ். யார் என்ன வைரஸ் கொண்டுவந்து இறக்கினாலும் மறுநாள் காலை சுத்தம். இது இல்லாமல் சென்டர் நடத்த என்னால் முடியாது. ஆனால் அதற்கு வைரஸும் ஒன்றுதான், அப்டேட்டும் ஒன்றுதான். பகலில் குரோம் புதியதை இறக்கும், இரவு கடை சாத்தியதும் அழியும், காலையில் மறுபடி பழையது. உறையவைத்த மாதத்தில் என்ன பதிப்பு இருந்ததோ, வருடக்கணக்கில் அதே பதிப்பு. நெட் செலவு மட்டும் தினமும்.

வழி இருக்கிறது. கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் கரடிப் படம் இருக்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அதை இருமுறை கிளிக் செய்தால் பாஸ்வேர்டு கேட்கும். பூட் தாட், அதாவது உறையாமல் தொடங்கு என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட். இப்போது அப்டேட் இறக்கி, ரீலாஞ்ச் செய்து, எண் மாறிவிட்டதா என்று அபௌட் பக்கத்தில் பார்த்த பிறகே பூட் ஃப்ரோஸனுக்குத் திரும்ப வேண்டும். பார்க்காமல் உறையவைத்தால், பாதியில் நிற்கும் அப்டேட்டையே உறையவைத்த கதை ஆகிவிடும். குரோமின் வாராந்திரத் திருத்தம் பெரும்பாலும் அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை வெளியாகும், நமக்குப் புதன் காலை. அதனால் என் கடையில் இந்த வேலை புதன் இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு. இந்த நேரத்தில் வேறு எந்தத் தளமும் திறக்கக் கூடாது, பாட்டு கேட்பதுகூட வேண்டாம். உறையாத கம்ப்யூட்டரில் வைரஸ் ஒட்டினால் ஒட்டியதுதான். நெட் மெதுவாக இருந்தால் கூகுளின் தளத்திலிருந்தே முழு இன்ஸ்டாலரை ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் எடுத்துப் போய் ஒவ்வொன்றிலும் பழையதன் மேலேயே போடலாம். புக்மார்க் எதுவும் அழியாது.

அப்டேட் ஆக மாட்டேன் என்றால்

முதலில் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி எங்கோ பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் செல்லாது என்று நினைத்து அப்டேட் தோற்றுவிடும். சிறு வட்ட பேட்டரி ஒன்று மாற்றினால் தீர்ந்தது. அடுத்து, சி டிரைவ் நிரம்பியிருக்கிறதா? அப்புறம், "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு" என்று யாரோ சர்வீஸஸ் பட்டியலில் போய் கூகுள் அப்டேட் சர்வீஸை நிறுத்திவைத்திருப்பார்கள். அதைத் திரும்ப ஓடவிடுங்கள்.

ஆட்பிளாக்கர் போய்விடும் என்பதற்காகவே அப்டேட்டை நிறுத்தியவர்களும் உண்டு. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் குரோமில் இனி ஓடாது என்பது உண்மை. அதற்காகப் பழைய குரோமில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுங்கள், அதில் அது முழுசாக ஓடுகிறது.

விண்டோஸ் 7 என்றால் கதை வேறு. அங்கே குரோம் 109-தான் கடைசி, 2023 ஜனவரியில் வந்தது. அப்புறம் எதுவும் கிடையாது. பில் மட்டும் போடும் பழைய கம்ப்யூட்டர் என்றால் நெட் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். நெட் வேண்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன் என்றுதான் சொல்வேன். நாலு ஜிபி ராம் இருந்தால் பிரவுசிங்குக்குத் தாராளம். விண்டோஸ் 10-இல் குரோம் இன்னும் புதுப்பிக்கப்படுகிறது, ஆனால் விண்டோஸுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாக குரோமோடு ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவையும் சேர்த்து அப்டேட் செய்யுங்கள். பல ஆப்களுக்குள் திறக்கும் இணையப் பக்கத்தைக் காட்டுவது அதுதான். ஆண்ட்ராய்டு 8, 9 ஓடும் போன்களுக்கு குரோம் 138 கடைசி. அதில் வங்கி வேலை வேண்டாம். ஐபோனில், நம் ஊரில் குரோம் போட்டாலும் உள்ளே பக்கத்தைக் காட்டும் எஞ்சின் சஃபாரியின் வெப்கிட்தான், அது ஐபோனின் சிஸ்டத்தோடு வருவது. ஆகவே குரோமை மட்டும் அப்டேட் செய்து பயனில்லை, செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் வரை போக வேண்டும்.

போலி அப்டேட்

எச்சரிக்கைச் செய்தி பரவும் நாட்களில் இதுவும் சேர்ந்தே வரும். ஏதோ ஒரு தளத்தைத் திறந்தால் பக்கம் முழுக்க "உங்கள் குரோம் பழையது, இங்கே அழுத்தவும்" என்று குரோமின் சின்னத்தோடு வரும். அழுத்தினால் ஒரு ஜிப்போ ஜேஎஸ் ஃபைலோ இறங்கும். அசல் அறிவிப்பு ஒருநாளும் இணையப் பக்கத்துக்குள் வராது. மேலே மூன்று புள்ளி இருக்கும் இடத்திலோ அபௌட் பக்கத்திலோதான் வரும். வாட்ஸ்அப்பில் "குரோம் அப்டேட்" என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப் போடும் ஃபைல்) வந்தால் அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் தொட வேண்டாம். அவர் போனும் போயிருக்கலாம்.

ஏற்கெனவே அழுத்தித் திறந்துவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேறு என்ற தேர்வையும் அழுத்துங்கள்; பிரவுசரிலிருந்து திருடிய லாகின் குக்கியை (நீங்கள் உள்ளே இருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் சிறு குறிப்பு) வைத்து பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வர முடியும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அடியுங்கள். கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொண்டுவருவது அதற்கப்புறம்.