யூட்டா பாலைவனத்தில் பேட்டரி முனை கழன்றபோது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எஸ்கலான்டே ஊரிலிருந்து ‘ஹோல் இன் த ராக்’ என்ற பாறைப் பிளவு வரை 90 கிலோமீட்டருக்கு மேல் மண் சாலை. 1879-80 குளிர்காலத்தில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வண்டி கட்டிப் போன தடம். சாலை முழுக்க வரிவரியாக மேடு. சல்லடையில் போட்டுச் சலித்தது போல வண்டி ஆடும்.

டான்ஸ் ஹால் பாறை தாண்டியதும் டேஷ்போர்டு விளக்குகள் மினுக்கின, எஞ்சின் நின்றுவிட்டது. பானட்டைத் திறந்து பேட்டரி முனையைக் கையால் திருகினால் லேசாகச் சுற்றியது. நட்டை இறுக்கியும் கிளாம்ப் பிடிக்கவில்லை. முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றினேன். காலி சோடா டின்னில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தளர்ந்த முனையைச் சுற்றி வைத்து, மேலே கிளாம்பைப் போட்டு முறுக்கினேன். மைனஸை மாட்டியதும் ஒரே ஸ்டார்ட்! பேட்டரியும் தட்டில் ஆடியதால் ஒரு பட்டையால் இழுத்துக் கட்டினேன்.

அப்புறம் டயர் காற்றை 36-லிருந்து 22 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. இதற்குச் சின்ன கம்ப்ரஸர் அவசியம். தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி நிரப்ப வேண்டும்.

கடைசிச் சில மைல்கள் வெறும் பாறை, அங்கே நடப்பதே நல்லது. சாலை முடியும் இடத்தில் அந்தப் பிளவை எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அந்தக் குடியேறிகள் அதை வெடி வைத்து அகலப்படுத்தி, 1880 ஜனவரி 26 அன்று சக்கரங்களைப் பூட்டி, கயிறு கட்டி வண்டிகளை இறக்கியிருக்கிறார்கள். மழை பெய்தால் மட்டும் இந்தப் பக்கமே போகாதீர்கள், களிமண் வழுக்கும்.