‘தினமும் வருவார்’ என்றால் ‘வில் கம்’ இல்லை: ஆங்கில நிகழ்காலத்தைக் கற்றுக்கொடுக்கும் முறை

என் மாலை வகுப்புக்கு வரும் தையற்காரப் பெண் ஒருவர், “மை ஹஸ்பண்ட் வில் கம் அட் எய்ட் டெய்லி” என்று எழுதியிருந்தார். ‘வில் கம்’ என்பதை அடித்து ‘கம்ஸ்’ என்று திருத்தினேன். அவர் விடவில்லை. “தினமும் எட்டு மணிக்கு வருவார் என்றுதானே டீச்சர் சொல்கிறோம்? வருவார் என்றால் வில் கம்தானே?” என்று கேட்டார். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு மாற்றிக்கொண்ட முறை இது.

முதலில், பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஆங்கில வினைக்கால அட்டவணையை ஒதுக்கி வையுங்கள். புதிதாகப் படிப்பவர்களை அதைப் போல் மிரட்டுவது வேறொன்றுமில்லை. ஒரு கோடு போட்ட நோட்டும் நீலம், சிவப்புப் பேனாக்களும் போதும்.

அடுத்து, தங்கள் அன்றாடத்தைத் தமிழிலேயே பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ‘ஐந்து மணிக்கு எழுவேன், பால் வாங்குவேன், மகனைப் பள்ளியில் விடுவேன்’ என்றுதான் வரும். எல்லாம் எதிர்கால வினைகள். ஆனால் சொல்வது வழக்கத்தை. சிக்கலின் வேர் இதுதான். பழைய இலக்கண உரைகள் காட்டும் ‘மலை நிற்கும்’ என்ற தொடரும் நாளைய செய்தி அன்று; மலை என்றும் நிற்பது. இத்தகைய இடங்களில் ஆங்கிலம் சாதாரண நிகழ்காலத்தைக் கேட்கிறது. ஒவ்வொரு வரியின் முன்னும் ‘தினமும்’, ‘நாளை’ இரண்டையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘தினமும்’ பொருந்தினால் நீலக்கோடு: கம்ஸ். ‘நாளை’ மட்டும் பொருந்தினால் சிவப்புக்கோடு: வில் கம். இந்தப் படிக்கு இரண்டு வகுப்புகள் முழுதாகக் கொடுங்கள். அவசரப்பட்டால் பிறகு எல்லாம் குழம்பும்.

பிறகு ‘இங்’. இதை நோட்டில் நடத்தாதீர்கள், கையில் நடத்துங்கள். அந்தப் பெண்ணிடம் ஊசியும் நூலும் கொடுத்து, அவர் கண்ணைச் சுருக்கி நூல் கோத்துக்கொண்டிருக்கும்போதே “வாட் ஆர் யூ டூயிங்?” என்று கேட்டேன். கை அசையும்வரைதான் “ஐ ஆம் த்ரெடிங் எ நீடில்” என்று சொல்லலாம். ஊசியைக் கீழே வைத்ததும் அந்த வாக்கியத்தையும் நிறுத்திவிட வேண்டும்.

ஹீ, ஷீ வந்தால் சேரும் ‘ஸ்’ பழகப் பழக வரும். அதற்காகப் பேச்சை இடைமறிக்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வகுப்பெடுக்கும் ஒருவர், “என் மாணவர்கள் ‘ஐ ஆம் நோயிங்’ என்கிறார்களே?” என்று கேட்டிருந்தார். தெரியும், பிடிக்கும், வேண்டும் என்ற மூன்றையும் பலகையில் எழுதுங்கள். ‘எனக்குக் காப்பி பிடித்துக்கொண்டிருக்கிறது’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அங்கே ஆங்கிலத்திலும் ‘இங்’ வராது: ஐ நோ, ஐ லைக், ஐ வான்ட்.

இன்னொருவர் கேட்டது ‘ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்’ பற்றி. தமிழில் அது நிகழ்காலம். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. வருடமாக, மாதமாக என்று ‘ஆக’ வந்தாலே ‘ஹேவ்’ நினைவுக்கு வர வேண்டும். மேலே சொன்னவை கைவந்த பிறகு அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.