உப்பு இல்லையே என்று சொல்வதற்கு முன்

சாப்பிட உட்கார்ந்ததும் பாதிப் பேருக்கு, முதலில் சொல்ல வேண்டிய பிஸ்மில்லாஹ் மறந்துவிடும். பசி அப்படி. நடுவில் நினைவு வந்தால் "பிஸ்மில்லாஹி அவ்வலஹு வ ஆகிரஹு" என்று சொல்லிக்கொள்ளுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அல்லாஹ்வின் பெயரால் என்று பொருள். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

கஷ்டம் அடுத்ததில்தான். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. பிடித்தால் சாப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. நம் வீட்டில்? முதல் வாய் வைத்ததுமே "உப்பு இல்லையே!" காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர் முகம் அதோடு வாடிவிடும்.

நான் செய்வது இதுதான். முதல் மூன்று கவளம் வரை சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அப்புறமும் உப்பு வேண்டும்போல இருந்தால் சத்தமில்லாமல் எழுந்துபோய் ஜாடியை எடுத்துவருவேன். பிடிக்காத கறி என்றால் பரிமாறும்போதே கொஞ்சமாக வாங்கிக்கொள்வேன். (பாகற்காய் விஷயத்தில் இன்னும் தேறவில்லை.)

சஹன் என்ற பெரிய தட்டில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடும்போது உங்கள் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுங்கள். தட்டைச் சுற்றிக் கை அலைந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமாவிடம் நபியவர்கள் சொன்னது அதுதான்: அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலக்கையால் சாப்பிடு, உன் அருகில் இருப்பதைச் சாப்பிடு. நல்ல கறித்துண்டு எதிரில் இருப்பவர் பக்கம் விழுந்துவிட்டதா? பொறுங்கள், பெரும்பாலும் அவரே தள்ளிவிடுவார்.