“கேஸை மூடினேனா?”: மனநல சிகிச்சையில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

“கேஸ் சிலிண்டரை மூடினேனா அம்மா?” என்று என் தங்கை ஓர் இரவில் ஒன்பது முறை கேட்பாள். ஒன்பது முறையும் அம்மா சலிக்காமல், “மூடிவிட்டாய் கண்ணு, போய்ப் படு” என்பார். பாசத்தில் வந்த பதில்தான். நோய்க்குத் தீனி போட்டதும் அதே பதில்தான் என்பது எங்களுக்குப் புரிய இரண்டு வருடங்கள் ஆயின.

அவளுக்கு இருந்தது ஓ.சி.டி. என்ற மனநலப் பிரச்சினை: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யவைக்கும். சந்தேகம் வரும், நெஞ்சு படபடக்கும், எழுந்துபோய் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பாள். சில நிமிடம் நிம்மதி. “பார்த்ததால்தான் தப்பித்தோம்” என்று மனம் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை சந்தேகம் இன்னும் பலமாக வரும். ஆறுதல் சொல்வதும் இந்தச் சுழற்சியில் ஒரு கண்ணி.

இதற்கான சிகிச்சை, சந்தேகத்தை வரவிட்டுச் சரிபார்க்காமல் இருக்கப் பழகுவது. 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் லண்டனில் இந்த வழியில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததைப் பதிவுசெய்தார். என் தங்கையின் உளவியலாளர் முதலில் அவளது பயங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னார். பட்டியலில் எளிதானதிலிருந்து தொடங்கினார்கள். முதல் இரவு அடுப்படிப் பக்கம் போகாமல் கட்டிலில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதற்றத்தை ஒரு நோட்டில் எழுதினாள்: 80, 80, 75, 50, 35. பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் ஒரு பாடம் தரப்பட்டிருந்தது. “அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் கண்ணு, ஆனால் உன்னோடு இருக்கிறேன்.” அதைச் சொல்ல அம்மா பட்ட பாடு தங்கை பட்டதைவிடக் குறைவில்லை. இந்தப் பயிற்சியை வழிகாட்ட ஆளில்லாமல், ஒரே நாளில் முரட்டுத்தனமாகத் திணித்துவிடாதீர்கள்.

‘கவுன்சலிங்’ என்றால் யாரோ நல்ல அறிவுரை சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது இன்னொரு தவறு. சிந்தனை-நடத்தை சிகிச்சையான சி.பி.டி.யை 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கினார். அதை ‘நல்லதையே நினை’ என்ற உபதேசமாகப் பலர் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அது எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலை. மேலாளர் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை, உடனே “வேலை போகப்போகிறது” என்று மனம் முடிவு கட்டுகிறது. அதற்கு என்ன ஆதாரம், எதிரான ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்க முடியாதா என்று எழுதிப் பார்க்க வேண்டும். அந்த எழுத்து வேலையை வீட்டில் செய்யாமல் போய் உட்கார்ந்தால் பாதிச் சிகிச்சை கைவிட்டுப் போகும். மனச்சோர்வில் இருப்பவர் மனம் தெளிந்தபின் நடைப்பயிற்சிக்குப் போகலாம் என்று காத்திருப்பதும் இப்படித்தான். முதலில் சிறிதாக ஒன்றைச் செய்யத் தொடங்குவது, மனநிலை பிறகு மாறுவது என்பதே நடத்தைச் செயலூக்க சிகிச்சையின் அடிப்படை.

இரண்டு அமர்வுகளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். சி.பி.டி.க்குப் பெரும்பாலும் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் வரை தேவைப்படும். பழைய உறவுகளையும் அடிமனத்தையும் ஆராயும் உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சைகள் இதைவிட நீளக்கூடியவை. மாத்திரை எடுப்பவர்கள், பேச்சுச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்பதற்காக மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

“உள்ளே என்ன சொன்னான்?” என்று உளவியலாளரிடம் துருவாதீர்கள். மனநல சிகிச்சை பெறுபவரின் ரகசியத்துக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளும் அதில் உண்டு. சிகிச்சை பெறுபவரும் தற்கொலை எண்ணம் இருந்தால் அவமானம் என்று மறைக்கக் கூடாது. உளவியலாளர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

யாரிடம் போகிறோம் என்பதையும் விசாரியுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.