போட்டோவிலிருந்து ரேடியம் ஸ்டிக்கர்: படத்தைக் கோடாக்கி வெட்டுவது எப்படி

ஆடி அமாவாசை நெருங்கினால் பாளையங்கோட்டையில் என் சின்னக் கடைக்கும் கொஞ்சம் வேலை வரும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கிளம்புகிற வண்டிகளுக்கெல்லாம் புதிதாகச் சாமி பெயர் ஏற வேண்டும். போன வருஷம் குட்டியானை ஓட்டுகிற அண்ணாச்சி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். காலண்டரில் இருந்த சாமி முகத்தைப் போனில் எடுத்தது. பாதி மீசை மேல் டியூப் லைட் வெளிச்சம் விழுந்திருந்தது. "தம்பி, இந்த மீசை அப்படியே வரணும். கீழ சங்கிலி பூதத்தார் துணைன்னு போட்டுரு. முன் கண்ணாடி மேல ஒட்டணும், ஒரு அடி அகலம்" என்றார்.

அந்த ஒரு அடி ஸ்டிக்கருக்கு நான் வீணாக்கியது இரண்டடி சிவப்பு ரேடியம் ஷீட். அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன். கட்டிங் மெஷினைக் கணினியோடு இணைப்பது, டிரைவர் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ரேடியம் என்று நாம் சொல்கிற ஷீட்டில் ரேடியம் ஒரு துளி கிடையாது. எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற தாள், அவ்வளவுதான். அந்தக் காலத்துக் கடிகார முள்ளில் இருட்டில் மின்னிய பூச்சின் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

எந்த மென்பொருள்?

இன்க்ஸ்கேப். இலவசம், சட்டப்படி யாரும் பயன்படுத்தலாம், சாதாரண கணினியிலும் ஓடும். நம் பக்கத்து ஸ்டிக்கர் கடைகளில் கோரல் டிராதான் ராஜா, அதில் கைப்பழக்கம் இருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். புதிதாகத் தொடங்குகிறவர் திருட்டுக் கோரலைத் தேடி வைரஸ் வாங்கிக்கொள்வதற்குப் பதில் இதைப் பழகுவது மேல். கீழே வருகிற மெனுப் பெயர்கள் இன்க்ஸ்கேப்புக்கு உரியவை.

'படத்தைப் போடு, வெக்டர் எடு' என்கிற இணையதளங்களை நான் நம்புவதில்லை. வெக்டர் என்றால் படத்தைக் கோடுகளாக வைத்திருக்கும் கோப்பு, எஸ்விஜி அதில் ஒரு வகை. சில தளங்கள் போட்டோவையே உள்ளே வைத்து வெளியே எஸ்விஜி என்று பெயர் மட்டும் மாட்டிக் கொடுக்கும். திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் கட்டம் கட்டமாக உடைந்தால் உள்ளே இருப்பது போட்டோதான், கத்தி போக அதில் கோடே இல்லை.

படத்தைச் சுத்தம் செய்வது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அகலம் 1500 பிக்சலுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

பிறகு கிம்ப் என்கிற இலவசப் படத் திருத்த மென்பொருளில் திறந்து கருப்பு வெள்ளையாக்கி, கலர்ஸ் மெனுவில் திரெஷோல்டு (எந்த அளவு இருட்டு வரை கருப்பு, மீதி வெள்ளை என்று பிரிக்கும் எல்லை) போட்டுப் பார்க்க வேண்டும். அண்ணாச்சியின் படத்தில் டியூப் லைட் விழுந்த பக்கத்து மீசை வெளுத்திருந்தது. திரெஷோல்டை அதற்குத் தோதாக நகர்த்தினால் மறுபக்கத்துக் கன்னம் முழுக்கக் கருப்பாகிவிட்டது. வெளுத்த பாதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கர்வ்ஸில் இருட்டாக்கி, அதன் பிறகு திரெஷோல்டு போட்டதும் சரியானது. இந்த இடத்தில் செலவழிக்கும் பத்து நிமிஷம் பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோடாக்குவது

படத்தை இன்க்ஸ்கேப்புக்குள் கொண்டுவந்து அதைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் டிரேஸ் பிட்மேப்பைத் திறங்கள் (ஷிப்ட், ஆல்ட், பி). சிங்கிள் ஸ்கேன், பிரைட்னஸ் கட்ஆஃப் போதும். திரெஷோல்டு 0.45 இல் நிற்கும். அதை ஏற்றினால் கருப்பு கூடும், இறக்கினால் குறையும். ஸ்பெக்கிள்ஸ் என்பது பொடிப் புள்ளிகளை ஒதுக்குகிற அளவு. காலண்டர் தாளின் சொரசொரப்பெல்லாம் தூசுப் புள்ளியாக வரும் என்பதால் இதை நன்றாகக் கூட்டி வைக்கலாம். மல்டிபிள் ஸ்கேன் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அது ஒரே படத்தை அடுக்கடுக்காகக் கொடுக்கும், வெட்டும்போது குழப்பம்.

முடிந்ததும் கோட்டுப்படம் போட்டோவின் மேலேயே அச்சாக உட்கார்ந்திருக்கும். பார்த்தால் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். ஓரமாக இழுத்து வைத்துவிட்டு அடியில் இருக்கும் போட்டோவை அழித்துவிடுங்கள்.

இப்போது கீழே உள்ள பட்டையைப் பாருங்கள். எத்தனை நோடு (கோட்டை வளைத்துப் பிடிக்கும் புள்ளி) இருக்கிறது என்று எழுதியிருக்கும். எனக்கு 1,400க்கு மேல் வந்தது. இவ்வளவு நோடு இருந்தால் பழைய மெஷின் திக்கித் திக்கி நடக்கும், வளைவு ரம்பப் பல் மாதிரி வரும். கண்ட்ரோல், எல் அழுத்தினால் நோடு குறையும். ஒரு தடவை அழுத்திவிட்டு நிறுத்திப் பாருங்கள். கையை எடுக்காமல் தொடர்ந்து அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் வேகம் கூடிச் சாமி முகம் உருளைக்கிழங்கு ஆகிவிடும். எனக்கு ஒரு தடவையிலேயே முந்நூற்றுச் சொச்சத்துக்கு வந்தது, ஆனால் கிரீடத்தின் முனைகள் மழுங்கிவிட்டன. நோடு கருவியை எடுத்து (ஆங்கில N விசை) முனையில் இருக்கும் நோடைப் பிடித்து ஷிப்ட், சி அழுத்தினால் அது கூர் முனையாகும். ஏழு முனை இருந்தது, ஏழையும் கையால்தான் சரிசெய்தேன்.

மீசைக்கு வருவோம். முறுக்கின நுனி திரையில் அழகாக ஊசி மாதிரி ஓடும். ஒரு அடி அகலத்துக்கு வைத்து அளந்தால் கடைசி ஒன்றரை சென்டிமீட்டர் ஒரு மில்லிமீட்டர்கூட தடிமன் இல்லை. கத்தி போகும்போதே அது சுருண்டு எழுந்துவிடும், எழாவிட்டால் உரிக்கும்போது கையோடு வந்துவிடும். நுனியை உள்ளே இழுத்து, முடிகிற இடத்தை லேசாக உருட்டினேன். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைவாக எதையும் விடக்கூடாது என்பது என் கடைக் கணக்கு. ரேடியம் ஷீட் தடிமனானது, அதற்கு இரண்டு வைத்தாலும் தப்பில்லை.

நான் சறுக்கிய இடம்

சாமியின் காதுக்குப் பக்கத்தில் காலண்டர் ஆணியின் நிழல் ஒரு கருப்புத் திட்டாக வந்திருந்தது, காதோடு ஒட்டிக்கொண்டு. நோடு நோடாக அழிக்கச் சோம்பல். வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி வரைந்து அதன் மேல் வைத்தேன். திரையில் திட்டு மறைந்தது. அச்சடிக்கிற வேலை என்றால் இது போதும். நானும் அப்படியே மெஷினுக்கு அனுப்பிவிட்டேன்.

கத்திக்குக் கண் கிடையாது. வெள்ளை, கருப்பு, மேலே, கீழே எதுவும் அதற்குத் தெரியாது. கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே போகும். ஆணி நிழலையும் வெட்டியது, அதை மறைக்க வைத்த பெட்டியையும் வெட்டியது, பெட்டி காதைத் தாண்டிக் கன்னத்துக்குள் நீண்டிருந்ததால் கன்னத்தையும் கீறிவிட்டது. உரிக்கும்போதுதான் கன்னம் இரண்டாகக் கையில் வந்தது.

திரை மேல் இருந்த நம்பிக்கையில் அதே கோப்பை இரண்டாவது தடவையும் வெட்டினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மெஷின்தான் கோளாறு என்று நினைத்தேன்.

சரியான வழி இது. மறைக்க வைத்த பெட்டியையும் அடியில் இருக்கும் படத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் டிஃபரன்ஸ் (கண்ட்ரோல், மைனஸ்). பெட்டி மூடிய பகுதி நிஜமாகவே வெட்டி எறியப்படும். பெட்டி மேலேதான் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், வியூ மெனுவில் டிஸ்ப்ளே மோடு, அதில் அவுட்லைன். கண்ட்ரோல், 5 (வலப்பக்க எண் பலகையில் உள்ள 5) அழுத்த அழுத்தவும் மாறி மாறி வரும். நிறமெல்லாம் போய் வெறும் கோடு மட்டும் தெரியும். கத்தி பார்ப்பது இதைத்தான். கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு ஓடினால் அங்கே ஸ்டிக்கர் அறுபடும். இப்போதெல்லாம் அவுட்லைனில் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை. கோரலில் இதற்கு வயர்ஃபிரேம் என்று பெயர்.

இதன் தம்பி ஒருவன் உண்டு: பார்டர். ஒரு கோட்டுக்கு 3 மி.மீ. தடிமன் கொடுத்தால் திரையில் பட்டையாகத் தெரியும், மெஷின் அதன் நடுவில் ஒரே ஒரு கீறல் போடும். பட்டையாகவே வேண்டுமென்றால் ஸ்ட்ரோக் டு பாத் கொடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்து

யூனிகோடு எழுத்துருவில் தட்டுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை இன்னொரு கணினியில் திறந்தால் சாமி பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும்.

முதலில் பெயரை ஒரு நகல் எடுத்து ஓரமாக வையுங்கள், எழுத்துப் பிழை திருத்த அது வேண்டும். பிறகு ஆப்ஜெக்ட் டு பாத் (கண்ட்ரோல், ஷிப்ட், சி). அப்புறம் அவுட்லைன். தூரிகை எழுத்து மாதிரியான எழுத்துருக்களில் துணைக்காலும் கொம்பும் பக்கத்து எழுத்து மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அன்குரூப் (கண்ட்ரோல், ஷிப்ட், ஜி) செய்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து யூனியன் (கண்ட்ரோல், பிளஸ்) கொடுத்தால் ஒன்றாகிவிடும். கோரல்காரர்கள் வெல்ட் என்பார்கள்.

இங்கிலீஷ் டுட்டோரியல் எதிலும் சொல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது: புள்ளி. 'சங்கிலி பூதத்தார் துணை' என்பதில் ங், த், ர் என்று மூன்று புள்ளி. எழுத்து சின்னதாக இருந்தால் புள்ளி இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. சுற்றியுள்ள ஷீட்டை உரிக்கும்போது முதலில் கிளம்புவது அதுதான். புள்ளி போனால் பூதத்தார் 'பூதததார' என்று மாறிவிடுவார், அண்ணாச்சி விடமாட்டார். அதனால் புள்ளிகளை மட்டும் தனியாகப் பிடித்து 3 மி.மீ.க்குக் குறையாமல் பெரிதாக்கிக்கொள்கிறேன். கொஞ்சம் தடித்த புள்ளி, தூரத்தில் வாசிக்கவும் உதவும்.

அளவு, அனுப்புதல்

பக்க அளவை மி.மீ.யில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டிங் மென்பொருள் எதைத் தின்னும் என்று பார்த்து, டிஎக்ஸ்எஃப், இபிஎஸ், பிஎல்டி என்று அதற்கேற்பச் சேமிக்கலாம். எஸ்விஜியாகவே கொடுத்தால் ஒரு கண்ணி இருக்கிறது. இன்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கிடும், சில மென்பொருள்கள் 72 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் 300 மி.மீ. அனுப்பினால் அங்கே 400 மி.மீ. ஆகியிருக்கும். 2017க்கு முந்தைய இன்க்ஸ்கேப் கோப்பு என்றால் அது 90 கணக்கு, அதிலும் வித்தியாசம் வரும். ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து சேர்த்து அனுப்பி, அந்தப் பக்கம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு அதை அழித்துவிடுங்கள்.

கத்தி முனையின் கோணம் சாதா வினைல் ஷீட்டுக்கு 45 டிகிரி, தடித்த ரேடியத்துக்கு 60. முதலில் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பாருங்கள். மேல் ஷீட் முழுசாக அறுபட வேண்டும், அடித்தாளில் கீறல் லேசாகத் தெரிந்தால் போதும்.

உரித்து ஒட்டுதல்

மூலையிலிருந்து, நன்றாக மடக்கினபடி, மெதுவாக உரியுங்கள். செங்குத்தாகத் தூக்கினால் நுனிகள் எழும். புள்ளி வரும் இடத்தில் ஊசி முனையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உரிப்பேன். பிறகு வெட்டிய துண்டுகளை ஒன்றாகத் தூக்க மேலே டிரான்ஸ்ஃபர் டேப் போட்டு, பழைய ஏடிஎம் கார்டால் தேய்த்து, அப்படியே தூக்கிக் கண்ணாடியில். நம் ஊர் வெயிலில் மத்தியானம் ஒட்டாதீர்கள். கண்ணாடி சுட்டால் ஷீட் இளகி இழுபடும். காலையில், துடைத்துக் காய்ந்த கண்ணாடியில்.

பிறகு சேர்த்தது

தென்காசியிலிருந்து ஒரு தம்பி, "அண்ணே, உள்பக்கம் ஒட்டினேன், வெளியே நின்று பார்த்தால் எழுத்து இடவலமா மாறி இருக்கு" என்று எழுதியிருந்தார். கண்ணாடிக்கு உள்ளே ஒட்டி வெளியே வாசிப்பதாக இருந்தால் வெட்டுவதற்கு முன் இடவலமாகத் திருப்ப வேண்டும், எச் விசை. பனியனில் அயர்ன் வைத்து ஒட்டுகிற ஷீட்டுக்கும் அப்படித்தான்.

இரண்டு நிறம் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு நிறத்தையும் தனிக் கோப்பாக வெட்டுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் இரண்டு சின்னக் கூட்டல் குறி வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்று பொருத்த அது போதும். அடி நிறத்தை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக விட்டால் இடைவெளி தெரியாது.

அண்ணாச்சி ஸ்டிக்கர் மூன்றாவது தடவையில் வந்தது, மீசை அவருக்குப் பிடித்தது. இரண்டு நாள் தண்ணீர் படவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் அன்று சாயங்காலமே வண்டியைத் தாமிரபரணிக் கரையில் நிறுத்திக் கழுவிவிட்டு, மறுநாள் ர் மேல் புள்ளி இல்லாமல் வந்து நின்றார். கோப்பு இருந்தது. புள்ளி ஒன்று மட்டும் வெட்டிக் கொடுத்தேன்.