அம்பு விட்ட பிறகும் கொஞ்சம் நில்லுங்கள்

ஜப்பானிய வாள்கலையான கெண்டோவில் ஒரு விசித்திரமான விதி உண்டு. எதிராளியை அருமையாக அடித்துவிட்டு உடனே கையை உயர்த்திக் கொண்டாடினால், கிடைத்த புள்ளியையே நடுவர்கள் ரத்து செய்யலாம்! அடித்த பின்னும் கவனம் எதிராளி மேலேயே இருக்க வேண்டும். இதற்கு ‘ஸான்ஷின்’ என்று பெயர்; எஞ்சி நிற்கும் மனம் என்று சொல்லலாம். கியூடோ வில்வித்தையிலும் அம்பு பாய்ந்த பிறகு சற்று நேரம் அதே நிலையில்தான் நிற்பார்கள்.

நான் கவனித்தவரை, என் தவறுகள் பலவும் வேலையின் நடுவில் வருவதில்லை. ‘அப்பாடா, முடிஞ்சது’ என்கிற நொடியில்தான் வருகின்றன. அதனால் மின்னஞ்சலை அனுப்பியதும் அடுத்ததற்குத் தாவாமல், அனுப்பியதைத் திறந்து பெறுநர் பெயரையும் இணைப்பையும் ஒருமுறை பாருங்கள். கூட்டம் முடிந்ததா? எழுவதற்கு முன், யார் எதைச் செய்வது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். கதவைப் பூட்டும்போது சாவி கைக்கு வரும்வரை கண் அங்கேயே இருக்கட்டும். போனை அப்புறம் எடுக்கலாம்.

30 நொடி போதும். ஆனால் எல்லாவற்றிலும் ஒரேயடியாக முயன்றால் மறந்துபோகும் (எனக்கு அப்படித்தான் ஆனது). முதலில் மின்னஞ்சலில் மட்டும் பழகிப் பாருங்கள்.